பூஜ்யமாக வந்த உறவு

அலுவலக முதலாளி அவளுடைய அக்காள் கணவர். வேலையில் சேர்ந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்: "இங்க உறவு கிறவு எல்லாம் கிடையாது. அத்தான்னு கூப்பிடாதே, சார்னு கூப்பிடு."

ஆறு வருஷம் அப்படியே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போனாலும் சார்தான். கம்ப்யூட்டர் நிரல் எழுதும் அலுவலகம் அது; சாருக்கு மட்டும் நிரல் எழுத வராது. எழுதுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று டீ உறிஞ்ச நன்றாக வரும். எதைக் கேட்டாலும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அதனால் அவர் இல்லாதபோது அவர் பெயர் 'அப்புறம் சார்'.

ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளி, மருந்து விவரங்களெல்லாம் அட்டவணைகளாக அடங்கிய தரவுத்தளம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. ஓர் அட்டவணை இன்னொன்றை நம்பியிருந்தால் அந்த உறவைத் தரவுத்தளத்திலேயே பதிந்து வைப்பார்கள். அதற்கு ஃபாரின் கீ என்று பெயர். பதிந்துவிட்டால், இன்னொன்று நம்பியிருக்கும் அட்டவணையை யாரும் லேசில் அழிக்க முடியாது. அதையும் அப்புறம் சார் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

பழைய மருந்து அட்டவணை இடத்தை அடைக்கிறது என்று அவருக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. அதை நம்பியிருப்பவை எவை என்று தரவுத்தளத்திடமே கேட்கும் நிரலை அவள் எழுதி ஓட்டினாள். பூஜ்யம் என்று வந்தது.

"பாத்தியா? யாருக்கும் வேணாம். அழிச்சிடு."

"சார், பூஜ்யம்னா உறவு இல்லன்னு அர்த்தம் இல்ல, நாம பதியலன்னு அர்த்தம். அலர்ஜி டேபிள்ல மருந்தோட நம்பர்தான் இருக்கு. பேரு இதுலதான் இருக்கு. அழிச்சா யாருக்கு எந்த மருந்து ஆகாதுன்னு தெரியாமப் போயிடும்."

"கம்ப்யூட்டரே இல்லங்குது, நீ இருக்குங்குறே!"

குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதையாக, அவரே உட்கார்ந்து அழித்தார். அவர் எழுந்து போனதும் அவள் முதல் வேலையாக நேற்றைய நகல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அதிலிருந்து மீட்கட்டுமா என்று போனில் கேட்டதற்கு "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையிலேயே தலைமை நர்ஸ் நேரில் வந்துவிட்டார். கண்ணில் பொறி பறந்தது. திரையில் அலர்ஜிக் கட்டம் காலியாக இருந்ததாம். ஊசி போடப் போன நேரத்தில் நோயாளியே "அந்த மருந்து எனக்கு ஆகாதும்மா" என்று கையை இழுத்துக்கொண்டாராம்.

அப்புறம் சாருக்கு முகம் வெளுத்தது. நாக்கு மட்டும் வெளுக்கவில்லை.

"இவ என் மச்சினிங்க. அவ அக்கா முகத்துக்காக வேலை குடுத்தேன். தெரியாம அழிச்சிட்டா. நம்ம வீட்டுப் பொண்ணு, மன்னிச்சிடுங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நகலிலிருந்து அட்டவணையை மீட்டாள். அழித்தவர் பெயரும் நேரமும் பதிவாகியிருந்த பக்கத்தைத் திறந்து, திரையை நர்ஸ் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு முதலாளியைப் பார்த்துக் கேட்டாள்:

"ஆறு வருஷமா பூஜ்யமா இருந்த உறவு இன்னிக்கு எப்படி வந்துச்சு, அத்தான்?"