கப்பல் ஆட்டத்தில் எனக்குப் படிப்பு இல்லை

புளியங்கொட்டையைப் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு ஓடினால் கலகலவென்று சத்தம் வரும்... அது கேட்டாலே ரோஸ்லின் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

எழுபதுகளில், கருவடிக்குப்பத்தில். நான், செல்வி, ரோஸ்லின். மூவருக்கும் பன்னிரண்டு வயதிருக்கும். ரோஸ்லினின் அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த சொல்தா. அவள் கான்வென்ட். செல்வி ஆறாவது. நான் இரண்டாவதோடு நின்றுவிட்டேன். பெரிய மார்க்கெட்டில் அம்மா பூ விற்க, நான் கட்டித் தருவேன்.

கப்பல் ஆட்டம் நாங்களே உண்டாக்கியது. கட்டம் கிடையாது, காய் கிடையாது. புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சு போய்ச் சேரணும். புயல், திருடன் என்று ஒருத்தி கதை சொல்லிக்கொண்டே வருவாள், மற்றவர்கள் தப்பிக்கணும். ஆளுக்குப் பத்துக் கொட்டை. பலம், தைரியம், வாய் என்று நாமே பிரித்து வைக்கலாம். ஆறு சோழி உருட்டி, நிமிர்ந்து விழுந்தவை அந்த ஆபத்துக்கு வேண்டியதில் நாம் வைத்த கொட்டை எண்ணிக்கையைத் தாண்டாவிட்டால் ஜெயம். நான் வாய்க்கே ஆறு வைத்துவிடுவேன்!

ரோஸ்லின்தான் விதிகளை மைப்பேனாவால் நோட்டில் எழுதுவாள். ஒருநாள் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தாள்... படிப்பு. அதை நாம் பிரித்து வைக்க முடியாது. பள்ளிக்கூடம் போகிறவளுக்கு ஐந்து கொட்டை, நின்றவளுக்கு ஒன்றுமில்லை.

"இது என்னாடி நியாயம்?"

"கப்பல் ஏறணும்னா ஆபீசர் பேப்பர் நீட்டுவாரு. நீ எப்பிடிடி படிப்ப?"

செல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்று நாள் அவர்கள் கடலில் போனார்கள். நான் கரையிலேயே நின்றேன்.

நாலாம் நாள் மழை. ஓடி ஒதுங்கினோம், நோட்டு மதிலில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் நீலமாகக் கரைந்திருந்தது. ரோஸ்லினுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உனக்குதான் எல்லாம் ஞாபகம் இருக்குமே... சொல்லுடி, எழுதிக்கறேன்."

ஒன்று விடாமல் சொன்னேன். நாலாவதை மட்டும் மாற்றினேன்.

"நாலாவது, ஞாபகம். அதையும் நாமே பிரிச்சிக்கலாம்."

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எழுதினாள். அன்றைக்கு நான் கப்பல் ஏறினேன்.

பிறகு ரோஸ்லின் நிஜமாகவே பிரான்சு போய்விட்டாள். அவளை ஏமாற்றிக் கப்பலேறிய பெருமை மட்டும் இத்தனை வருஷமும் என்னிடம் இருந்தது. போன மாதம் வீடியோவில் பேசும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி," என்றாள். "நான் எழுதன விதி எனக்கு மறந்துடுமா? நீ கரையிலயே நின்னுகினு இருந்த... பாக்க முடியல."

அப்படியானால் நான் ஏமாற்றவில்லை. அவள்தான் ஏற்றிவிட்டிருக்கிறாள்! நாலாவது விதி போட்ட கோபமே ஆறவில்லை, இப்போது இது வேறு.

மூலக்குளத்தில் என் பேத்தியும் தோழிகளும் இதே மாதிரி ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். பகடைக்கே இருபது முகம். ஸ்ட்ரெங்த், இன்டெலிஜென்ஸ் என்று விதியெல்லாம் செல்போனில். எந்த மழையிலும் கரையாது.

"ஒருத்திக்கு எதுவுமே இல்லாம கரையில நின்னுட்டா என்னாடி பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

பேத்தி செல்போன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ரூல்ஸ்ல அதுக்கு ஒண்ணும் இல்லியே ஆயா..."