முட்டம் பாறையில் ஒரு ஜோடிப் படம்

லாரி டிரைவருக்குப் பெண்டாட்டியாக இருப்பதில் ஒரு சவுகரியம் உண்டு. வீட்டுக்காரர் எங்கே என்று யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் "லோடு போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் ஜோலியைப் பார்ப்பார்கள். தனகோடி இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் காலத்தை ஓட்டிவிட்டாள்.

அவள் வீட்டுக்காரன் ஜெயப்பிரகாஷ் போனது திமிரி என்கிற ஊருக்கு. அங்கே கமலம் என்று ஒருத்தி வீட்டில் தங்கிவிட்டான். சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. ஒருநாள் பகலில் வந்தான், இரண்டு லுங்கியையும் ஷேவிங் செட்டையும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டான், "மனசுல எதுவும் வெச்சுக்காத கோடி" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல கதை. மனசில் வைக்காமல் வேறு எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அடித்திருந்தால் போலீசுக்குப் போகலாம், குடித்திருந்தால் ஊரைக் கூட்டலாம். இவன் இரண்டும் செய்யாதவன். அவனிடம் எதைப் பிடித்துச் சண்டை போடுவது என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

தனகோடிக்குச் சொந்த ஊர் ஒடுகத்தூர் பக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் காய்த்துக் கிடக்கும். பக்கத்து மெஷின் நசீமுன்னிசா. பத்து வருஷமாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தும் அவளுக்கே விஷயம் தெரியாது. லாரிக்காரன் என்றால் அப்படித்தான், வருவான் போவான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இப்படி நிம்மதியாக, சரி, நிம்மதி என்று சொல்ல முடியாது, இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி நல்லது செய்யக் கிளம்பியது. பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு இலவச டூர். அதுவும் ஜோடி டூர். கன்னியாகுமரியிலிருந்து கடலோரமாகவே முட்டம் வரைக்கும். பாறைமேல் ஒருத்தனும் ஒருத்தியும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்.

"எனக்கு வேணாம் சார்" என்றாள் தனகோடி, ஆபீசில் எபனேசரிடம். தொழிலாளர் விஷயங்களைப் பார்க்கிற பையன் அவன். நல்ல பையன், அதுதான் தொந்தரவே.

"ஏங்க்கா, அண்ணன் லோடு போயிருக்காரா? தேதி முன்னாடியே சொல்றோம்ல, லீவு போடச் சொல்லுங்க. கணவன் மனைவி சேந்துதான் வரணும்னு மேனேஜ்மெண்ட் சொல்லிட்டாங்க."

நசீமுன்னிசா விடவில்லை. "இன்னாடி இது பேஜாரு. கம்பெனி குடுக்கறதே கம்மி. அதையும் வேணாம்பியா? போன் போட்டு வரச்சொல்லு. இல்லாட்டி நம்பர் குடு, நான் பேசறேன்."

அவள் பேசினாலும் பேசிவிடுவாள் என்கிற பயத்தில்தான் தனகோடி முதலில் போனைக் கையில் எடுத்தாள். எடுத்த பிறகு வேறு ஒரு நினைப்பு வந்துவிட்டது. மூன்று நாள் பக்கத்திலேயே இருப்பான். எங்காவது ஓரிடத்தில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, "வீட்டுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிடலாம். ஆறு வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையை அவள் அவனிடம் சொல்லிக் கேட்டதே இல்லை. கேட்டால் வருவானோ என்னவோ. கடலாவது பாறையாவது, யாருக்கு வேண்டும் அதெல்லாம்? அவள் போக நினைத்தது இதற்காகத்தான்.

"இன்னா கோடி, ஒடம்பு எதுனா சரியில்லையா?" என்று எடுத்தவுடன் கேட்டான்.

"அதெல்லாம் இல்ல. கம்பெனில டூர் கூட்டினு போறாங்க. ஜோடியாத்தான் வரணுமாம்." கூட இருந்தபோது நீ, வா, போ என்றுதான் பேசுவாள். பிரிந்தபிறகு மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "மூணு நாளு. நீங்க வந்தீங்கன்னா..."

"சரி, வர்றேன்."

அவ்வளவுதான். கெஞ்சுவதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாகிவிட்டது. "அங்க இன்னா சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நாகர்கோவில் லோடுன்னு சொல்லிக்கிறேன்."

தனகோடி சந்தோஷப்பட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை.

வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, பஸ் கிளம்பும் முன்னாலேயே வந்து நின்றான். அவள் பையை வாங்கிக்கொண்டான். பின் சீட்டில் உட்காரப் போனவளை, "டயர் மேல உக்காராத, குமட்டும்" என்று நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்து, சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தான். பஸ்ஸில் அவளுக்குக் குமட்டும் என்பதை இன்னும் மறக்காமல் இருந்தான், பாவி மனுஷன். தனகோடி பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை வந்தால் எலுமிச்சை நெடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

"இப்பிடி ஒரு மனுசன வெச்சுக்கினு வேணாம்னியே" என்றாள் நசீமுன்னிசா, முன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து. அவள் வீட்டுக்காரர் வாஹித் பாஷா ஏறினவுடன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தார்.

கன்னியாகுமரியில் சூரியனைப் பார்த்தார்கள். சூரியனைவிட ஜனம் ஜாஸ்தி. அங்கிருந்து பஸ் கடலை ஒட்டியே போயிற்று. இறங்குகிற இடத்திலெல்லாம் எபனேசர் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் ஜோடி ஜோடியா கை கோத்துக்கங்க" என்றான். யார் கோத்தார்கள்? ஆம்பூர் ஆண்கள் பஜாரில் நடப்பதுபோலவே இங்கேயும் நாலடி முன்னால் போனார்கள். பெண்டாட்டிகள் பின்னால் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கையை நீட்டியவன் ஜெயப்பிரகாஷ் ஒருத்தன்தான். பாறை வழுக்கும் என்று நீட்டினான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. தனகோடி பிடித்துக்கொண்டாள். அலை வந்து பாறையில் மோதிச் சிதறியபோது பயந்த மாதிரி இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

ஆனால் கேட்க வந்ததைக் கேட்க முடியவில்லை. படகில் கேட்கலாம் என்று பார்த்தால் காதே அடைக்கிற இரைச்சல். மீன் சாப்பிடும்போது கேட்கலாம் என்று இருந்தாள். அவன் முள்ளை எடுத்துவிட்டு அவள் இலையில் வைத்தான், அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தாள். ராத்திரி கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஜோடி டூர் என்று பெயர்தானே தவிர, லாட்ஜில் ஆண்களுக்கு ஒரு ஹால், பெண்களுக்கு ஒரு ஹால். கம்பெனி சிக்கனம் அப்படி. நசீமுன்னிசாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, நாளைக்கு முட்டத்தில் எப்படியும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அதுதான் கடைசி இடம்.

முட்டத்தில் செம்மண் சரிவில் இறங்கினால் கீழே கன்னங்கரேலென்று பாறைகள், கொட்டி வைத்த மாதிரி. அந்தப் பக்கம் லைட் ஹவுஸ். கடல் சும்மா இல்லை, பாறைமேல் ஏறி ஏறி விழுந்தது. தட்டையான ஒரு பாறையில் ஜோடி ஜோடியாக நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோட்டீஸ் போர்டில் மாட்டுவதற்காம். வாஹித் பாஷாவுக்கு முழங்கால் மடங்காது. அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஜெயப்பிரகாஷ் இறங்கினான். இறங்குமுன், "இத்த வெச்சுக்கோ, தண்ணி பட்டுடும்" என்று போனை அவள் கையில் கொடுத்தான்.

அவன் திரும்பி வந்ததும் கேட்டுவிடுவது. தனகோடி மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்துடுங்க. வீட்டுக்கு வந்துடுங்க.

போன் அடித்தது. 'வீடு' என்று வந்தது.

முன்பெல்லாம் அந்தப் பெயரில் இருந்தது இவள் நம்பர். இவள்தான் அவன் போனில் அதைப் போட்டுக் கொடுத்தாள், அவனுக்கு எழுத்து தட்ட வராது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாம் தடவையும் அடித்தபோது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எடுத்துக் காதில் வைத்தாள்.

"எத்தினி வாட்டி பண்றது, எடுக்க மாட்டியா?" என்றது ஒரு பெண் குரல். "அலோ" என்றாள் தனகோடி. "யாரு அது?" என்றது அந்தக் குரல்.

இவ்வளவுதான் சொல்ல வேண்டும்: நான் அவரு பொண்டாட்டி, ரெண்டு பேரும் டூர் வந்திருக்கோம். அதில் பொய்யே கிடையாது. சொன்னால் திமிரி வீட்டில் இன்றைக்கே இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். ஆறு வருஷத்தில் இப்படி ஒரு நேரம் வாய்த்ததே இல்லை. வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது.

"லோடு எறக்குற எடமாக்கா?" என்றாள் கமலம், இவள் பதிலுக்குக் காத்திராமல். "அவரண்ட சொல்லுங்கக்கா. தமிழினிக்குக் காய்ச்சல் கொதிக்குது. அப்பா அப்பான்னு அனத்துது. ஒண்டியா இருக்கேன், எனக்கு இன்னா பண்றதுன்னே தெரில."

"எறக்கினு இருக்காரும்மா" என்றாள் தனகோடி. "வந்ததும் சொல்றேன்."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. குழந்தை இருக்கிற விஷயமே அவளுக்குத் தெரியாது. யார்மேல் ஆத்திரப்படுவது? கமலத்தின்மேல் பட்டுவிடலாம் என்று பார்த்தால், அவளும் 'லோடு' என்கிற இதே வார்த்தையை நம்பிச் சோற்றை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த உட்கார்தல் எப்படி இருக்கும் என்று தனகோடிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெறும் கையோடு அடிக்கப் போனவளுக்கு ஒரு கத்தி கிடைத்தது, கடைசியில் அதற்குக் கைப்பிடி இல்லை.

"தனகோடி அக்கா, அண்ணன கூட்டினு வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டான் எபனேசர்.

இப்போதே சொன்னால் இப்போதே கிளம்பிவிடுவான். படம் எடுத்தபிறகு சொன்னால் படமாவது மிஞ்சும். இப்படியும் ஒரு கணக்குப் போட்டது அவள் மனசு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் போட்டது. என்ன செய்ய, மனசு அவ்வளவு வறண்டு கிடந்தது. பாறைமேல் போய் நின்றாள். அவனும் வந்து பக்கத்தில் நின்றான். பின்னால் கடல் இரைந்தது.

"யாருனா போன் பண்ணாங்களா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"இல்ல" என்றாள்.

படம் எடுத்தாயிற்று.

பாறையிலிருந்து இறங்கிய உடனே சொன்னாள். "போன் வந்துச்சு. தமிழினிக்குக் காய்ச்சலாம்."

"எப்ப?"

"படம் எடுக்கறதுக்கு முன்னாடி."

திட்டுவான் என்று நின்றாள். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "சரி உடு" என்றான். போனை வாங்கிக்கொண்டு, "லோடு வந்துடுச்சுன்னு சார்கிட்ட சொல்லிடு" என்று செம்மண் சரிவில் ஏற ஆரம்பித்தான்.

"இன்னாங்க" என்று கூப்பிட்டாள்.

நின்றான், திரும்பினான். சுற்றி ஒரு ஆள் இல்லை. அவள் தேடிக்கொண்டிருந்த இடமும் நேரமும் இதுதான். சொல்ல வேண்டியதை எத்தனை தடவை மனப்பாடம் செய்திருந்தாள்.

"கைவசம் இருக்கற மாத்திரைய குடுத்துனு உக்காரப் போறாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போகச் சொல்லுங்க" என்றாள்.

தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போனான்.

திரும்பி வரும்போது பக்கத்து சீட்டில் மீந்துபோன பிஸ்கட் பெட்டிகளை அடுக்கினார்கள். எபனேசர், "உங்களுக்கு எடஞ்சலா இல்லையேக்கா?" என்று கேட்டான். அவள் இல்லை என்றாள். எலுமிச்சம்பழம் காய்ந்து கையில் இருந்தது. ஆம்பூர் வரைக்கும் அதைத் தூக்கிப் போடவில்லை.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் படங்களைப் பெரிதாக்கி மாட்டினார்கள். டீ நேரத்தில் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

"எல்லா ஆம்பளையும் கேமராவ பாக்கறான், எங்க வூட்டுது வாயப் பொளந்துனு கடல பாக்குது" என்றாள் நசீமுன்னிசா. "இவ வூட்டுக்காரர பாருங்கடி. இவள உட்டு கண்ண எடுக்கல." எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சின்னப்பெண் தனகோடியின் தோளைக் கட்டிக்கொண்டு, "அண்ணன் மறுபடி எப்பக்கா வருவாரு?" என்று கேட்டாள்.

"லோடு போயிருக்காரு" என்றாள் தனகோடி.

மணி அடித்து எல்லாரும் மெஷினுக்குப் போனபிறகும் அவள் கொஞ்சம் நின்று பார்த்தாள். நசீமுன்னிசா சொன்னது சரிதான், அவன் கேமராவைப் பார்க்கவில்லை. குனிந்து, இவள் கையில் இருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.