விற்றுப்போன என் முதல் ஓவியம்

இரண்டு வருடங்களுக்கு முன், சம்பா அறுவடை முடிந்திருந்த மாசி மாதம். தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் சில ஓவியர்கள் சேர்ந்து கண்காட்சி வைத்திருந்தோம். ஓவியக் கல்லூரியில் படித்த நான், கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தபடி வரைந்துகொண்டிருந்தேன். ஒரு படமாவது விற்றால் தொடர்ந்து வரைவது, இல்லையென்றால் ஒரு தனியார் பள்ளியில் கேட்டிருந்த டீச்சர் வேலையில் சேர்ந்துவிடுவது என்று கணவரோடு பேசி வைத்திருந்தேன்.

அறுவடை இயந்திரம் ஏறி இறங்கிய ஈர வயலைத்தான் வரைந்திருந்தேன். தடங்கள் மட்டும், ஆளும் இல்லை, பயிரும் இல்லை. "வெறும் சேறால்ல இருக்கு. இத எங்க ஊர்ல சும்மாவே பாக்கலாமே" என்று ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். பழைய தேக்கு ஜன்னல் பலகையை இழைத்து அதற்கு பிரேம் செய்து தந்தவர் என் கணவர். சாயங்காலம் குத்தாலத்திலிருந்து வந்த ஒரு தம்பதி அதன் முன் நெடுநேரம் நின்றார்கள். அந்த அம்மா ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத எங்களுக்குக் குடுத்துடுறீங்களா?" என்றார். பேரம்கூடப் பேசவில்லை. மறுநாளே பள்ளி வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சில மாதம் கழித்து சென்னையில் ஒரு ஓவியக் கூடத்திலிருந்து அழைத்தார்கள். நான் அனுப்பிய செல்போன் படங்களில் அதைப் பார்த்து, கண்காட்சிக்கு அந்த ஓவியமே வேண்டும் என்றார்கள். விற்றதை இரவல் கேட்கலாமா, தப்பாக நினைப்பார்களா என்று குழம்பி, அந்தத் தம்பதியிடம் போனில் "வீட்டுக்கு வரலாமா" என்று மட்டும் கேட்டுவிட்டு, குழந்தையோடு பஸ் ஏறினேன்.

ஹாலில் நுழைந்ததும் பிரேம் கண்ணில் பட்டது. உள்ளே ஓர் இளைஞரின் புகைப்படம். மாலை போட்டிருந்தது.

"எம் பையன்தாம்மா. வேதாரண்யம் போயிட்டு வரப்ப, பைக்ல..." என்று அந்த அம்மா நிறுத்திக்கொண்டார். "கடையில எல்லாம் பிளாஸ்டிக்காத்தான் காட்டுனாங்க. எம் புள்ளைய அதுல வைக்க மனசு வரல. உங்களது அளவுகூட அப்படியே இருந்துச்சு."

என் முகம் மாறியிருக்க வேண்டும். "உங்க படத்தத் தூக்கிப் போடலம்மா. பின்னாடியே பத்திரமா இருக்கு. வேணும்னா கழட்டச் சொல்றேன், அவர் இப்ப வந்துடுவாரு" என்றார்.

இடுப்பில் இருந்த என் குழந்தை அந்தப் புகைப்படத்தைப் பார்த்துக் கையாட்டியது. "அவனுக்கும் சின்னப் புள்ளைங்கன்னா உசுரு" என்றார்.

"வேண்டாங்கம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றேன். வந்த காரியத்தைச் சொல்லவே இல்லை. சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

"எங்க மாட்டியிருக்காங்க?" என்று நான் வீடு திரும்பியதும் கணவர் ஆவலாகக் கேட்டார்.

"ஹால்லதாங்க. நுழைஞ்சதுமே தெரியுது."

"அப்ப சென்னைக்கு?"

"அத எறக்க அவங்களுக்கு மனசு வராதுங்க."

"பாத்தியா, நான்தான் சொன்னேன்ல, உன் படத்துக்கும் ஆள் இருக்குன்னு" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்னும் தெரியவில்லை.

அந்த ஓவியம் கிடைக்காது என்று சொன்ன பிறகு சென்னையிலிருந்து மறுபடி அழைக்கவில்லை. அடுத்த வருடம் ஜூன் மாதம் வேறொரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு தாயிடம் அதைக் கழற்றச் சொல்லாமல் வந்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குழந்தை தூங்கிய பிறகு எப்போதாவது தூரிகையை எடுக்கும்போது, என் ஓவியத்தை ஓவியமாக நினைத்து இதுவரை ஒருவரும் வாங்கியதில்லை என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.