மேற்குச் சுவரில் சாக்பீஸ் கோடுகள்

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் இஞ்ச் டேப் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது. தையல்காரி. முப்பத்தோரு வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். கழுத்தில் டேப் தொங்காமல் அவளை நான் பார்த்ததே இல்லை. கடையில் ரொட்டி வாங்கினால்கூட நீளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவாள். நான் பிளம்பர். கண்ணளவு போதும் என்கிற ஆள். இதற்காகவே நாங்கள் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அத்தான் பஸ் டிரைவர். எட்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போயின. இடது கை விரல்கள் மட்டும் மிச்சம். அக்கா அதற்கும் ஒரு கணக்கு வைத்தாள். ஒரு விரல் தூக்கினால் தண்ணீர், இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மூன்று என்றால் பாத்ரூம். நான் ரொம்ப நேரம் உட்கார்ந்து கதையளந்தால் ஐந்து விரலையும் விரித்து ஆட்டுவார். 'போய்த் தொலைடா' என்று அர்த்தம். அது மட்டும் அவரே கண்டுபிடித்தது.

ஆஸ்பத்திரிக் கட்டில் நுழைகிற அகலத்தில் மேற்கு அறைக்கு மட்டும்தான் கதவு. பாத்ரூமும் அதை ஒட்டித்தான். அதனால் அத்தானுக்கு அந்த அறைதான். மதியம் இரண்டு மணிக்கு வெயில் அந்தச் சுவரைப் பிடித்தால் இருட்டும்வரை விடாது. கை வைத்தால் தோசைக்கல். ஏ.சி. மாட்டினோம். தெருவில் எல்லா வீட்டிலும் மாட்டியிருந்தார்கள். வெயில் உச்சியில் எல்லோரும் சேர்ந்து போட்டதும் கரண்ட் போய்விடும். தேவையில்லாத நேரத்தில் மட்டும் ஏ.சி. அருமையாக ஓடும்.

வீட்டைச் சுற்றி அக்கா புல்லும் ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்திருந்தாள். ஒவ்வொரு கோடையும் முந்தின கோடையைத் தூக்கிச் சாப்பிட்டது. ரோஜா மொட்டிலேயே கருகியது. ஒருநாள் உட்கார்ந்து அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போட்டாள். மேற்குச் சுவரிலிருந்து பத்தடி அளந்து ஒரே ஒரு மாங்கன்றை நட்டாள். பழத்துக்காக இல்லை. அந்த ஜன்னலுக்கு நிழல் வேண்டும், அவ்வளவுதான். தையலில் மிஞ்சிய பருத்தித் துண்டுகளைக் கன்றைச் சுற்றிப் பரப்பி ஈரம் காத்தாள்.

மாதம் பிறந்தால் முதல் தேதி, மாலை சரியாக நாலு மணிக்கு, சாக்பீஸோடு வெளியே போவாள். நிழல் சுவரில் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே ஒரு கோடு. பக்கத்தில் மாதமும் வருடமும். போன வருடம் இதே மாதம் எங்கே இருந்தது என்று டேப்பால் அளந்து, உள்ளே வந்து அத்தானிடம் சொல்வாள். நாலாவது கோடையில் கோடு ஜன்னலின் பாதியைத் தொட்டது. அன்றைக்கு அத்தானின் நெஞ்சில் வெயில் விழவில்லை. அவர் ஐந்து விரலையும் விரித்து ஜன்னலைப் பார்த்து ஆட்டினார். வெயிலைப் போய்த் தொலையச் சொன்னார். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

அதற்கப்புறம்தான் நான் புத்திசாலியானேன்.

போர்வெல் தண்ணீர் உப்பேறி வாயில் வைக்க முடியாமல் போனதால் அக்கா வாட்டர் ஃபில்டர் வாங்கினாள். ஒரு குடம் நல்ல தண்ணீர் வருவதற்குள் இரண்டு குடம் கழிவாகச் சாக்கடைக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. மழை இல்லாத வருடம், ஊரே தண்ணீருக்கு அலைகிறது. அடுக்களையிலிருந்து சுவர் ஓரமாகப் பைப் இழுத்து, அந்தக் கழிவு முழுவதும் மாமரத்தடியில் விழும்படி செய்தேன். ஆற்றையே திருப்பிவிட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் வீட்டுக்கும் கேட்டார்கள். அந்தத் தெருவில் மட்டும் பதினொரு வீட்டுக்குப் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா முதல் நாளே ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கரிக்குதேடா இந்தத் தண்ணி."

"செடிக்கு நாக்கா இருக்கு? நீ போய்த் தைக்கிற வேலையைப் பாரு" என்றேன்.

அவளும் சிரித்துவிட்டாள். எனக்கு அந்த ஜோக் ரொம்பப் பிடித்துப்போய், போன வீடெல்லாம் சொன்னேன். எதையும் அளக்காமல் ஒத்துக்கொள்ளாத அக்கா, அளக்காமல் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். சொன்னது நான் என்பதால்.

அடுத்த கோடையில் இலைகளின் ஓரம் பழுப்பாகத் தீய்ந்தது. வெயில் தாங்கவில்லை என்றேன். இன்னும் தண்ணீர் விடச் சொன்னேன். குளிக்கிற தண்ணீரில் சோப்பு இருக்கிறது, அது வேண்டாம், ஃபில்டர் தண்ணீரே சுத்தம் என்றும் சொன்னேன். என் வாய் அப்படி. மரத்தடி மண்ணில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. சாக்பீஸை இங்கேயே அரைத்துக் கொட்டுகிறாயா என்று அவளைக் கிண்டல் செய்தேன். அந்த வருடமும் மழை பெய்யவில்லை.

போன கோடை தொடங்கும்போது பாதி மரம் மொட்டையாகிவிட்டது. முதல் தேதி அக்கா கோடு போட்டுவிட்டு, மேலே இருந்த பழைய கோட்டுக்கும் இதற்கும் டேப்பைப் பிடித்தாள். பத்தொன்பது இஞ்ச் இறங்கியிருந்தது. உள்ளே போய் அத்தானிடம் அந்த அளவை அவள் சொல்லவில்லை.

நர்சரிக்காரரைக் கூட்டி வந்தேன். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து அந்த வெள்ளைப் பொடியை விரலில் எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். எந்தத் தண்ணீர் என்று கேட்டார். நான் பைப்பைக் காட்டினேன். நீங்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுக்கிற உப்பு அத்தனையும் இதில்தான் வருகிறது என்றார். வெயிலில் தீய்ந்த இலையும் உப்பில் தீய்ந்த இலையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்குமாம். நல்ல மழை பெய்திருந்தால் கழுவிக்கொண்டு போயிருக்கும், இனிமேல் வேருக்கு உயிரில்லை என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பைப்பை அங்கேயே உடைத்தெறிந்தேன். அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

இருபது நாள் கழித்து அந்த அனல் வாரம் வந்தது. மரத்தில் இலையில்லை. ஜன்னலில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டோம், பத்து நிமிடத்தில் விறைத்துக் காய்ந்தது. மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. அத்தான் ஒரு விரலைத் தூக்கினார். தண்ணீர் கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி அதே விரல். மறுபடி கொடுத்தோம். சூடு தாங்கவில்லை என்று சொல்ல நாங்கள் ஒரு விரல் வைக்கவே இல்லை. மூன்று நாள் அவர் தூக்கிக்கொண்டே இருந்தார், நாங்கள் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் நாலு மணிக்குப் போய்விட்டார். டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். என்னை எழுதச் சொல்லியிருந்தால் வேறு எழுதியிருப்பேன்.

ஒரு மாதம் நான் அக்கா வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. அவளே வந்தாள்.

"மத்த பதினோரு வீட்டுப் பைப்பையும் கழட்டணும். கிளம்பு, நானும் வரேன்."

என்னை ஏதாவது சொல்லேன் அக்கா என்று கேட்க வாயெடுத்தேன். ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

முதல் வீடு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டருடையது. நல்ல மனிதர். அக்காவுக்கு நாற்காலி போட்டு ஆறுதல் சொன்னார். அவர் வீட்டு எலுமிச்சையில் இலை ஓரமெல்லாம் பழுப்பு. நான் விஷயத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னதும் என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

"இந்த வெயில் காலத்துல தண்ணிய சாக்கடைல விடச் சொல்றியேப்பா. செடிக்கு நாக்கா இருக்கு? நீதானே சொன்னே?"

 அக்கா எலுமிச்சையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நாக்கு இல்லைங்க. அதான் சொல்ல முடியல."

போஸ்ட்மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார். வெயில் அதிகம், அக்காவை வீட்டுக்குக் கூட்டிப்போ என்று என் காதில் சொன்னார். பைப்பைத் தொட விடவில்லை. அதற்குள் அக்கா எழுந்து அடுத்த வீட்டுக் கேட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயும் இதையேதான் சொல்லிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்பதற்காகவே நானும் அவள் பின்னால் போனேன்.