கால் ஊன்றக் கூடாது

குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் ஏழு பேரில் மூத்தவர் அவர். ஐம்பத்து மூன்று வயது. இருபத்து மூன்று வருடமாக அதே தெருக்கள், அதே சைக்கிள். ஒரு வாசலில் கால் ஊன்றி இறங்க வேண்டும், கதவோரம் தரையில் பதித்திருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். மூடியை மூடிவிட்டு ஏறி நாலு மிதி மிதித்தால் அடுத்த வாசல் வந்துவிடும், மறுபடி கால் ஊன்ற வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு வாசல். நடுவில் நிற்காமல் அரை கிலோமீட்டர் ஓட்டியது எப்போது என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. தெருக்காரர்களுக்கு அவர் மீட்டர்காரர், அவ்வளவுதான்.

அந்த இருநூறு வாசலில் ஒன்று அவருடைய சொந்த வாசல். உள்ளே அவர் மனைவி நாலு வருடமாகப் படுக்கையில் கிடந்தாள். மாடிப்படியில் விழுந்ததில் முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைப் புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். ஆஸ்பத்திரியில் அவளை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் மருந்துச் சீட்டைக்கூட அவசரமாகத்தான் கொடுத்தாள், இதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

நீரேற்று நிலையத்தில் மோட்டார் மாற்றும்போது சங்கு ஊதுவார்கள். ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று. சங்குச் சத்தம் கேட்டால் மீட்டர்காரர் எந்தத் தெருவில் இருந்தாலும் சைக்கிள் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். நாலு நிமிஷ வேலைதான். தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை, முதுகுக்கு ஒரு தலையணை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் ஒரு நாள் பயணம். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் கொடுப்பாள், ஆனால் புரட்ட அவளுக்குத் தெம்பு கிடையாது. அலுவலகத்துக்கு இதெல்லாம் தெரியாது. வேலை நேரத்தில் வீட்டுக்குள் கால் வைப்பது விதிப்படி குற்றம். சொன்னால் அனுதாபம் வராது, மெமோதான் வரும்.

சூப்பர்வைசருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'நெடுந்தூரம்'. மாதத்தில் ஒரு ஞாயிறு, உடம்போடு ஒட்டிய சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டர் சைக்கிளில் போய் வருவார். திங்கட்கிழமை கால்களை அகட்டி நடப்பார். செவ்வாய்க்கிழமை லீவு. புதன் முதல் மாதக் கடைசி வரை அந்தக் கதையைச் சொல்வார்.

"முக்கால் மணி நேரம் விடாம மிதிச்சாத்தான் உடம்பு சூடே ஆகும். நீங்க பண்றது ஏறி இறங்கி விளையாடுற விளையாட்டு."

வருடாந்திர உடல் பரிசோதனைக்கு வந்த டாக்டர் வேறு மாதிரி சொன்னார். மீட்டர்காரரின் நாடியைப் பிடித்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை பிடித்தார். "இருபத்தஞ்சு வயசுப் பையன் நாடி மாதிரி இருக்கே! தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டுறீங்க, அதான். மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா ஓட்டினா அடுத்த தடவைக்குள்ள உடம்பு மறந்துடும்." அடுத்து நின்றவர் சூப்பர்வைசர். ஒரு மாடி ஏறி வந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மீட்டர்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருபத்து மூன்று வருடம் மூடிய வாய் அன்றைக்குத்தான் திறக்க வேண்டுமா?

"சார், ஒரு வாரம் எங்கூட விளையாட வாங்க. சரியாயிடும்."

அறையே சிரித்தது. நெடுந்தூரமும் சிரித்தார். அப்படிச் சிரிக்கிறவர்களிடம்தான் பயப்பட வேண்டும்.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. ஊர் பெரிதாகிறதாம், வட்டாரங்களைச் சேர்க்கிறார்களாம், ஏழு பேரில் ஐந்து பேர் போதுமாம். உடல் தகுதிச் சோதனை: இருபத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், நடுவில் தரையில் கால் ஊன்றக் கூடாது. தேறியவர்கள் தங்கள் பழைய தெருக்களை வைத்துக்கொள்ளலாம். தேறாதவர்களுக்குத் தலைமை அலுவலகத்தின் பொருள் கிடங்கு. அது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும்.

மீட்டர்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவிதான் அதட்டினாள். "இருபத்தஞ்சு கிலோமீட்டர் என்ன பெரிய மலையா? ஓட்டிப் பழகுங்க."

"மூச்சுக்கு ஒண்ணுமில்ல. வாசலைப் பார்த்தா கால் தானா இறங்குது."

"அப்ப காலைக் கயித்தால கட்டிக்கோங்க."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவர் நிஜமாகவே கட்டிக்கொண்டார். மூன்று வாரம், விடிகாலையில், வலது காலை மிதியோடு சேர்த்துப் பழைய துணியால் கட்டிக்கொண்டு அந்தத் தெருக்களையே சுற்றினார். மூன்றாவது வாரம் துணியை அவிழ்த்தும் கால் இறங்கவில்லை. அன்றைக்கு அவர் மனைவி, ரொம்ப நாளைக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள்.

சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு. அதே வட்டாரத்தில் ஐந்து சுற்று. ஒன்பது மணிக்கு அவளைப் புரட்டிப் போட்டுவிட்டு, "பதினொண்ணுக்குக் கொஞ்சம் லேட்டாகும்" என்றார்.

"அரை மணியில செத்தா போயிடுவேன்? இங்க வந்து நின்னீங்கன்னா பேசவே மாட்டேன். ஓட்டிட்டு வாங்க."

நாலு சுற்று முடிந்தபோது மீட்டர்காரர்தான் முதல் ஆள். பாதி வயதுக்காரர்கள் பின்னால் நாக்குத் தள்ளி வந்தார்கள். அவருக்கு நெற்றியில் வியர்வை, அவ்வளவுதான். நெடுந்தூரம் ஜீப்பில் உட்கார்ந்து, கையில் நோட்டுடன், அவர் முதுகுக்குப் பின்னாலேயே வந்தார். நாலு தடவை சொந்த வாசலைத் தாண்டியபோதும் மீட்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு சுற்று. அதற்குப் பிறகு ஒருத்தராலும் அவரை அசைக்க முடியாது.

ஐந்தாவது சுற்றில் தன் தெருவுக்குள் திரும்பினார். சங்கு ஊதியது.

நிற்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. அதைச் சத்தியம் செய்து சொல்வார். கை பிரேக்கைப் பிடித்தது, வலது கால் தரையில் ஊன்றியது. சங்கு ஓய்ந்த பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். செருப்புக்கு அடியில் மண். பின்னால் ஜீப் நின்றது. பேனா எழுதும் சத்தம் தனக்குக் கேட்டதாக அவர் பிறகு சொன்னார். ஜீப் எஞ்சின் ஓடும்போது அது எப்படிக் கேட்கும் என்று யாரும் கேட்கவில்லை.

ஜன்னல் வழியாக அவள் பார்த்துவிட்டாள். "ஏங்க நின்னீங்க?" என்று கத்தினாள். "போங்க! போயிடுங்க!"

போய் என்ன ஆகப்போகிறது? அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. அவள் சுவர்ப் பக்கம் முகம் திரும்பிய பிறகு அழுதாள். பத்து நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது அவர் கிடங்கில் குழாய்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர், சாயங்காலம் பன்னிரண்டு, வழியில் எங்கும் நிற்பதில்லை. நிற்க வாசல் ஏது? இரண்டாவது மாதம் அவளுடைய இடுப்பெலும்புக்கு மேல் ஒரு சிவப்பு தெரிந்தது. மூன்றாவது மாதம் அது புண்ணானது. நாலாவது மாதம் கட்டுப் போட வந்த நர்ஸ், எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றாள். அவளுக்கு வலி தெரியாது. பார்க்கிறவருக்குத் தெரியும்.

போன வாரம் நெடுந்தூரம் இருப்புச் சரிபார்க்கக் கிடங்குக்கு வந்தார், கூடவே புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர். மீட்டர்காரரைப் பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். தோளில் தட்டினார்.

"வயிறே இல்லாம ஆயிட்டீங்களே! நிக்காம பன்னெண்டு கிலோமீட்டர் வர்றீங்களாமே? நான் அன்னிக்கே சொன்னேன்ல, லாங் ரைடுதான் உடம்புக்கு நல்லது. இவங்களுக்கும் சொல்லுங்க."

புதியவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. கிடங்குக்குச் சங்குச் சத்தம் எட்டாது.

"ஆமா சார்," என்றார் மீட்டர்காரர். "எனக்கு உடம்புல ஒரு குறையும் இல்ல."