காத்தாயி தேடிய வாசல்

காத்தாயி எதையும் லேசில் நம்பமாட்டாள். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த இருபது வருடமும், துரை பங்களாவானாலும் சரி, ஆபீசானாலும் சரி, அவளைப் பின்வாசலில்தான் நிற்க வைத்தார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டில் பதுளைக்குப் போகும் ரோட்டில் புது அரசாங்க ஆஸ்பத்திரி கட்டத் தொடங்கியதும் அங்கே சாந்து சுமக்கப் போனாள். முதல் நாளே மேசன் மொஹிதீன் பாஸிடம் கேட்டுவிட்டாள்.

“நம்ம தோட்டத்து ஆளுக வர்ற வாசல் எதுங்க?”

அவர் பிளானை விரித்துக் காட்டினார். “எல்லாருக்கும் இந்த முன்வாசல்தான், காத்தாயி.”

“காகிதத்துல அப்படித்தாங்க போடுவாங்க.”

அன்றிலிருந்து சாந்துச் சட்டியோடு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சுவர் எழும்ப எழும்ப, எங்கே இடைவெளி விடுகிறார்கள் என்பதிலேயே கண்ணாக இருந்தாள். எட்டாம் மாதம் பின்சுவரில் அகலமாக ஒரு கதவு நிலை வைத்தார்கள்.

“மறைச்சிட்டீங்களே பாஸ், அப்ப இது என்னங்க?”

மொஹிதீன் கரண்டியைக் கீழே வைத்தார். “அது பிரேத அறைக்கு. செத்தவங்கள வெளிய கொண்டு போற வாசல்.”

காத்தாயி அந்த நிலையை மேலும் கீழும் பார்த்தாள்.

“அதானே பாத்தேன். நமக்குன்னு ஒண்ணு விட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டிக்கு நடந்தாள்.