பழம் ஒட்டாத பெயர்

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வாரத்தில், ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியின் பையை வகுப்பு முழுக்கப் பார்க்கத் திறந்து காட்டச் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். என் பெருமையில் ஆரம்பித்தால் நீங்கள் பாதியிலேயே மூடி வைத்துவிடுவீர்கள்.

1. பொறுப்பு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் சபை நடத்துகிற உதவிபெறும் பள்ளி எங்களுடையது. ஐந்து வகுப்புகள். தலைமையாசிரியையைப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் 'பெரிய டீச்சர்' என்றுதான் கூப்பிடுவோம். ஜூன் மாதம் நான் போய்ச் சேர்ந்த அன்றே நாலாம் வகுப்பு, காலை ஜெபம், வேதபாடம் மூன்றையும் என் தலையில் கட்டிவிட்டார். "சின்ன வயசு, துறுதுறுன்னு இருக்கீங்க, நீங்களே பாத்துக்கோங்க ஜெனி" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவு ஆப்போடு மல்லுக்கட்டப் போய்விட்டார். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஞாயிறு பள்ளியில் பாட்டும் நடிப்புமாக வளர்ந்தவள் நான்.

எங்கள் பிள்ளைகளில் சபைப் பிள்ளைகள் குறைவு. திருநீறு வைத்துக்கொண்டு வந்து, கண்ணை இறுக்க மூடி ஜெபத்தில் நிற்கிற பிள்ளைகள்தான் அதிகம். வேதபாட நேரத்தில் விரும்பினால் பக்கத்து அறையில் நன்னெறி வகுப்புக்குப் போகலாம். என் வகுப்பு மாரிச்செல்வி போகமாட்டாள். அவளுக்குக் கதை வேண்டும். முன் பெஞ்சில் உட்கார்ந்து வாய் திறக்காமல் கேட்பாள்.

முதல் பாடமாக, வலது கை செய்யும் உதவி இடது கைக்குத் தெரியக் கூடாது என்பதை நடித்தே காட்டினேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, வலது கையால் ஒரு பிள்ளைக்குப் பென்சில் கொடுத்தேன். "செஞ்சதைச் சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாது" என்றேன். வகுப்பே சிரித்தது. நன்றாக நடத்தினோம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே அதை மறந்தும் போனேன்.

2. மரம்

அன்பு, பொறுமை, தயவு என்று வேதம் எண்ணிச் சொல்கிற ஆவியின் கனிகள் பாடம் வந்தபோது எனக்கு அந்த யோசனை உதித்தது. பெரிய தெர்மாகோல் அட்டையில் ஒரு மரம் வரைந்து வகுப்புச் சுவரில் மாட்டினேன். ஒவ்வொரு கிளையிலும் ஒரு பிள்ளையின் பெயர். நல்ல காரியம் செய்த பிள்ளை காலை ஜெபம் முடிந்ததும் எழுந்து சொல்ல வேண்டும். உடனே பெயருக்குக் கீழே ஒரு காகிதப் பழம் ஒட்டப்படும். குற்றாலத்தில் சீசன் நேரம் என்பதால் ராம்புட்டான், மங்குஸ்தான் என்று வெட்டி வர்ணம் தீட்டினேன். பெரிய டீச்சர் பார்த்துவிட்டு, சபையின் கல்வி அலுவலகத்திலிருந்து வேதபாட ஆய்வுக்கு வருகிற ஐயாவுக்குக் கட்டாயம் இதைக் காட்ட வேண்டும் என்றார். எனக்கு அன்று மதியம் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இரண்டே வாரத்தில் மரம் காய்த்துக் குலுங்கியது. தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் பிள்ளைகளுக்கு எளிதான நல்ல காரியமாக இருந்தது. சாரல் காலம், எல்லார் கையிலும் குடை. ஒரு நீலக் குடை ஒரே வாரத்தில் ஐந்து முறை தொலைந்து ஐந்து முறை கிடைத்தது. சாம் என்ற பையன் மட்டும் பதினொரு பழம் வாங்கினான். எனக்கு அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. தொலைத்தவனும் கண்டுபிடித்தவனும் ஒரே பெஞ்சு என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மாரிச்செல்வியின் கிளை மட்டும் மொட்டையாகக் கிடந்தது. தினமும் கேட்பேன். "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்பாள். பிள்ளைகள் அவளை 'காய்க்காத கிளை' என்று கேலி செய்ததும் என் காதில் விழுந்தது. கேலியில் உசுப்பேறியாவது ஏதாவது செய்வாள் என்று விட்டுவிட்டேன்.

3. விசில் குடை

ஆய்வு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழன் காலை, ஒன்றாம் வகுப்பு ஹர்ஷினியின் குடை காணாமல் போனது. கைப்பிடியில் விசில் வைத்த புதுக் குடை. அந்தக் குழந்தை அழுத அழுகை மூன்று வகுப்பைத் தாண்டிக் கேட்டது.

காலையில் மாரிச்செல்வி ஒன்றாம் வகுப்பிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததாக இரண்டு பிள்ளைகள் சொன்னார்கள்.

"காலையில அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"சும்மா, டீச்சர்."

அந்த 'சும்மா'தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. பழம் இல்லாத பிள்ளை, காரணம் சொல்லாத பிள்ளை. என் மனசு கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டுவிட்டது. பையைத் திறந்து காட்டச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தாள். இரண்டு நோட்டு, ஒரு பென்சில் பெட்டி, சாப்பாட்டுத் தட்டு, ஈரமான ஒரு பழைய துணி. குடை இல்லை. பிறகு எல்லாவற்றையும் அதே வரிசையில் உள்ளே வைத்தாள். அழவில்லை. அந்த ஈரத் துணி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

4. வராத நாள்

வெள்ளிக்கிழமை மாரிச்செல்வி வரவில்லை. அவள் அம்மா முத்துலட்சுமி வந்து, பெரிய டீச்சர் மேஜையில் ஒரு காகிதத்தை வைத்தார். டி.சி. கேட்டு எழுதிய மனு. மகளை வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எங்க கடையில மெய்யான பழமே கூடை கூடையாக் கெடக்கு டீச்சர். ஒங்க காயிதப் பழத்துக்கா எம்பிள்ள களவாங்கப் போறா?"

கேட்டுவிட்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டார்.

அதே நேரத்தில் ஒன்றாம் வகுப்பில் ஒரே கூச்சல். அங்கே பிள்ளைகள் பாயில்தான் உட்காருவார்கள். இரவெல்லாம் அடித்த சாரல் உடைந்த ஜன்னல் வழியாக வந்து தரை குளமாகக் கிடந்தது. பிள்ளைகள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். தினமும் அடிக்கிற சாரல்தானே, இன்று மட்டும் என்ன என்று கேட்டேன். காலை உணவு சமைக்கிற அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அந்த மாரிப் பிள்ள இன்னைக்கு வரலியே. அவதான தெனமும் வந்ததும் வராததுமா தொடைச்சிப் பாயப் போடுவா. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எத்தனை பழத்தை எண்ணி ஒட்டியிருக்கிறேன், இது தெரியாது.

மதியம் மரத்தைக் கழற்றப் போனேன். ஈரத்தில் பழங்கள் உரிந்து தொங்கின. ஆய்வுக்கு முன்னால் திரும்ப ஒட்ட வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். அட்டையை ஆணியிலிருந்து தூக்கியதும் பின்னாலிருந்து ஏதோ என் காலில் விழுந்தது. விசில் வைத்த குடை.

பிள்ளைகள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சாம் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"நான் திருடல டீச்சர். கண்டுபிடிக்கத்தான் வச்சிருந்தேன்."

திங்கட்கிழமை ஐயா முன்னால் கண்டுபிடித்தால் இரண்டு பழம் கிடைக்கும் என்று நினைத்தானாம். மாரிச்செல்வி பையைத் திறந்தபோது சொல்லப் பயமாக இருந்ததாம். அவனைத் திட்ட வாயெடுத்தேன். திட்டுவதற்கு என்ன இருக்கிறது? நான் வைத்த பரிசுக்கு அவன் உழைத்திருக்கிறான்.

5. பழக்கடை

சனிக்கிழமை காலை குற்றாலம் போனேன். அருவிக்குப் போகிற சாலையில் கூட்டம் நெருக்கியது. தலை துவட்டாமல் போகிறவர்களுக்கு நடுவே முத்துலட்சுமியின் கடையைக் கண்டுபிடித்தேன். மாரிச்செல்வி கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து ராம்புட்டானைக் காம்பு கிள்ளிக் கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

குடை கிடைத்ததைச் சொன்னேன். தப்பு என்மேல்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முத்துலட்சுமி எடை போடுவதை நிறுத்தவில்லை. "இங்கன வந்து சொல்லி என்ன செய்ய டீச்சர்? அங்கன, எல்லாரும் பாக்கத் தொறக்கச் சொன்னியல்லா. அங்கன சொல்லுங்க."

சரி, திங்கட்கிழமை ஜெபத்தில் சொல்கிறேன், வாருங்கள் என்றேன். பிறகு மாரிச்செல்வியிடம், தரையைத் துடைத்ததை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதே.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இடது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக் காட்டினாள்.

"நீங்கதான டீச்சர் சொன்னிய, செஞ்சதச் சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாதுன்னு. அப்பறம் நீங்களே தெனமும் சொல்லு சொல்லுன்னா, நான் என்ன செய்ய?"

அவள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஐந்து வாரம் நடத்திய வேதபாடத்தில் ஒரு பாடத்தை ஒரு பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத்தான் நான் பழம் கொடுக்கவில்லை.

6. திங்கட்கிழமை

பெரிய டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வு ஐயா ஜெபத்துக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம் ஜெனி, நாளைக்குச் சொல்லுங்களேன்" என்று பெரிய டீச்சர் காதருகே கெஞ்சினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பள்ளியின் பெயர் அவருக்கு முக்கியம். ஆனால் முத்துலட்சுமி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். பிள்ளையின் தோளில் பை இல்லை.

பாட்டு முடிந்தது. நான் முன்னால் போய் நின்றேன். வியாழக்கிழமை காரணமில்லாமல் மாரிச்செல்வியைச் சந்தேகப்பட்டேன், எல்லார் முன்னாலும் பையைத் திறக்கச் சொன்னேன், அது என் தப்பு, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். சாமும் வந்து என் பக்கத்தில் நின்று ஹர்ஷினியிடமும் மாரிச்செல்வியிடமும் மன்னிப்புக் கேட்டான். நான் கூப்பிடவில்லை, அவனாகத்தான் வந்தான். பிறகு வழக்கம்போல ஜெபம் செய்தோம். அன்று நான் கண்ணைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

திறந்தபோது முத்துலட்சுமி பெரிய டீச்சரிடம் மனுவைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "பையி கடையில இருக்கு, கொண்டாந்து தாரேன்" என்று கிளம்பினார்.

ஐயா வகுப்புக்கு வந்து வெறும் மரத்தைப் பார்த்தார். பழங்களையும் பெயர்களையும் நான் எடுத்துவிட்டிருந்தேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அறிக்கையில் என்ன எழுதினார் என்று எனக்கு இதுவரை தெரியாது. ஒன்றாம் வகுப்பின் உடைந்த ஜன்னலுக்கு மட்டும் அடுத்த மாதம் கண்ணாடி வந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். பிள்ளையின் பையைப் பார்க்க வேண்டிவந்தால் தனியாகப் பாருங்கள். வாயால் சொல்லிக் கொடுத்ததைச் சுவரில் மாட்டிய அட்டை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லது செய்தாயா என்று பிள்ளையிடம் கேட்பதைக் குறைத்து, பத்து நிமிஷம் முன்னதாகப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள்.

நான் அப்படித்தான் போகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை போனபோது மாரிச்செல்வி ஒன்றாம் வகுப்பில் குனிந்து தரையைத் துடைத்துக் கொண்டிருந்தாள். பாராட்டாக நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மறுகோடியில் உட்கார்ந்தேன். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"டீச்சர், இதுக்குப் பழம் கிழம் ஒட்டிராதிய."

மாட்டேன் என்றேன். பாய்களை உதறிப் போட்டோம். மணி அடிக்க நேரமிருந்தது.